67ஆவது கிராமி: கொழும்பு நேரம் அதிகாலை இரண்டு மணிக்குத் தொடங்கிய விழா

2025 பெப்ரவரி 2ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை லொஸ் ஏஞ்சல்ஸில் நடந்த, அமெரிக்காவின் பெரிய இசை விருதான கிராமியின் 67ஆவது விழாவில் 94 பிரிவுகளுக்கு விருது கொடுத்தார்கள். தொலைக்காட்சியில் வந்த பெரிய மேடையில் கையளிக்கப்பட்டவை அவற்றில் பத்துக்குள் அடங்கிவிடும். மிச்சம் எல்லாம் அதற்கு முன்னரே, விழா நடந்த கிரிப்டோ டொட் கொம் அரீனாவுக்குப் பக்கத்திலுள்ள பீகொக் தியேட்டரில், 'பிரிமியர் செரமனி' என்ற பகல் நிகழ்வில் கொடுத்து முடிந்துவிட்டன. கொழும்பில் திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகும் அவசரத்தில் முடிவுகளைப் பார்த்தவர்களுக்கு பியோன்சேயும் கென்ட்ரிக் லமாரும் மட்டும் கண்ணில் பட்டதற்குக் காரணம் இதுதான். நமக்கு நெருக்கமான விருதை அந்த நேரம் கொடுத்து முடித்து, மேடையையும் துடைத்துவிட்டார்கள்.

நேரக் கணக்கை முதலில் சொல்லிவிடலாம். பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் நமக்குப் பதின்மூன்றரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. அங்கே ஞாயிறு பகல் 12.30க்கு ஆரம்பித்த பிரிமியர் நிகழ்வு இங்கே திங்கள் அதிகாலை 2.00 மணி. அங்கே பின்னேரம் 5.00 மணிக்கு ஆரம்பித்த தொலைக்காட்சி நிகழ்ச்சி இங்கே காலை 6.30. மார்ச்சில் அமெரிக்கர்கள் மணிக்கூட்டை முன்தள்ளிய பிறகு இந்த இடைவெளி பன்னிரண்டரை மணித்தியாலமாகிவிடும். கிராமியை வைத்துக் கணக்குப் போட்டு அதன் பிறகு வரும் விழாக்களைப் பார்க்க இருப்பவர்கள் தடுமாறுவது அந்த இடத்தில்தான்.

பிரிமியர் நிகழ்வை, கிராமியை வழங்கும் அமைப்பான ரெக்கோர்டிங் அகாடமி தன் யூரியூப் பக்கத்தில் இலவசமாக விடுகிறது. நாட்டுக் கட்டுப்பாடு இல்லை, சந்தா இல்லை. இந்த விழாவில் பெரிய நிகழ்ச்சியின் உரிமை அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனத்துக்கும் அதன் இணையச் சேவைக்கும் உரியதாக இருந்தது. இங்கிருந்து அதன் வாசலைத் தட்டினால் திறக்கவில்லை. அதை எப்படியாவது பிடிக்கிறேன் என்று பெயர் தெரியாத நேரடி இணைப்புகளைத் தேடுவதை விட்டுவிட வேண்டும். அவை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்து போகும், சத்தமும் உதட்டசைவும் ஒத்து வராது, இசை விழா பார்ப்பதன் பயனே கெட்டுவிடும். ஏற்புரைகளை அகாடமியே தன் பக்கத்தில் துண்டு துண்டாக ஏற்றுகிறது. அந்தத் துண்டுகளின் ஒலித்தரம் கள்ள நேரடி இணைப்பைவிடப் பல மடங்கு மேல்.

கைத்தொலைபேசி டேட்டாவில் பார்ப்பவர்கள் தரத்தைத் தானியங்கியில் விடாமல் 480க்கு இறக்கி வைப்பது நல்லது. மணித்தியாலத்துக்கு அரை ஜிபிக்குச் சற்று மேலே போகும். 1080இல் விட்டால் இரண்டு ஜிபி அளவுக்கு ஏறும். மூன்றரை மணி நேர நிகழ்வுக்கு அந்த வித்தியாசம் பெரிது. இரண்டு மணிக்கே எழும்ப முடியாதவர்கள் நேரடி ஒளிபரப்பு முடிந்த பின் அதே இணைப்பைத் திறந்து, பரிந்துரைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேண்டிய பிரிவுக்கு நகர்த்திப் பார்க்கலாம். விருதுகள் துறை துறையாகக் கொத்துக் கொத்தாக வருவதால் தேடுவது சுலபம். வெற்றியாளர் சபையில் இல்லாவிட்டால் அறிவிப்பவரே அவர் சார்பில் ஏற்றுக்கொண்டு அடுத்ததற்குத் தாவிவிடுவார். ஒரு நிமிடம் கண் அசந்தால் இரண்டு விருது போய்விடும்.

தியான இசைக்கும் மந்திர இசைக்குமான 'நியூ ஏஜ், அம்பியன்ட் அல்லது சான்ட்' பிரிவில் 'திரிவேணி' அல்பம் வென்றது இந்த அதிகாலையில்தான். பாடியவர் சந்திரிகா டாண்டன். சென்னையில் பிறந்து, மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, நிர்வாகத் துறையில் பெயர் எடுத்தவர். பெப்சிகோவின் தலைவராக இருந்த இந்திரா நூயியின் அக்கா. 2011 விழாவிலேயே ஒரு முறை பரிந்துரைக்கப்பட்டவர். கூட வாசித்தவர்கள் தென்னாபிரிக்கப் புல்லாங்குழல் கலைஞர் வௌட்டர் கெல்லர்மன், ஜப்பானியச் செலோக் கலைஞர் எரு மட்சுமோட்டோ. மந்திரத்தை நீட்டி, மூச்சு தெரியாமல் இழுத்துச் சொல்லும் குரலுக்குக் கீழே செலோ ஒரு தரை போடுகிறது. மேலே குழல் வந்து தொட்டுவிட்டுப் போகிறது. கச்சேரி கேட்டுப் பழகிய காதோடு ராக ஆலாபனையையும் கல்பனா ஸ்வரத்தையும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான் வரும். இது தியானத்துக்கான இசை. தாளம் ஓடாது, நிற்கும். ஹெட்போனில், சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டால்தான் செலோவின் கீழ்ஸ்தாயி அசைவு பிடிபடும். தொலைபேசி ஸ்பீக்கரில் அது அறவே கேட்காது, குரல் மட்டும் தனியே மிதப்பதுபோல் இருக்கும்.

இந்தப் பிரிவின் போட்டி கடுமையானது. அனுஷ்கா சங்கர், ரிக்கி கேஜ், ராதிகா வேகாரியா ஆகிய மூவரோடு, 2023இல் மறைந்த ஜப்பானிய இசையமைப்பாளர் ரியூச்சி சகாமோட்டோவின் கடைசிப் பியானோப் பதிவும் பட்டியலில் இருந்தது. மறைந்த மேதையின் பக்கம் வாக்குச் சாய்வது கிராமியில் வழக்கம் என்பதால் சகாமோட்டோவுக்கே கிடைக்கும் என்று பலர் நினைத்தார்கள். கிடைக்கவில்லை. காரணத்தை வாக்குச்சீட்டின் அமைப்பில் தேடலாம். இந்த விழாவில் வாக்களிக்கும் உறுப்பினர் 13,000 பேருக்கு மேல் இருந்தார்கள். ஆனால் ஆண்டின் சிறந்த அல்பம் போன்ற பொதுப் பிரிவுகள் ஆறையும் தவிர்த்து ஒருவர் ஆகக் கூடினால் பத்துப் பிரிவுகளில்தான் வாக்களிக்கலாம், அந்தப் பத்தும் மூன்று துறைகளுக்குள், அதாவது இசை வகைத் தொகுதிகளுக்குள், அடங்க வேண்டும். பொப் துறையில் வேலை செய்பவர் தன் பத்தை இந்தப் பக்கம் வீணாக்க மாட்டார். ஆகவே சின்னப் பிரிவுகளின் முடிவு அந்த இசையை உண்மையாகவே கேட்கும், வாசிக்கும் ஒரு சிறு வட்டத்தின் கையில் இருக்கிறது. மூன்று கண்டங்களின் கலைஞர்கள் சேர்ந்த ஒரு அல்பத்துக்கு மூன்று வட்டங்களின் ஆதரவு இருந்திருக்கும் என்று ஊகிப்பது பிழையாகாது.

ஏ.ஆர். ரஹ்மான் 2010 ஜனவரி 31இல் 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்தின் 'ஜெய் ஹோ' பாடலுக்கும் அந்தப் பட இசைத்தொகுப்புக்குமாக இரண்டு கிராமி வாங்கியதும் இப்படித் தொலைக்காட்சிக்கு முந்திய நிகழ்வில்தான். 2024இல் தபேலாக் கலைஞர் ஜாகிர் ஹுசேன் இருந்த சக்தி குழு வென்றதும் அங்கேதான். சங்கர் மகாதேவனும், கஞ்சிரா வாசிக்கும் செல்வகணேஷும், வயலின் கணேஷ் ராஜகோபாலனும் மேடையேறியதைக் காலை 6.30க்கு எழும்பியவர்கள் ஒருவரும் நேரடியாகப் பார்க்கவில்லை. நம்முடைய இசை கிராமி வாங்கும் நேரம் அதிகாலை இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையில். இதை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

பெரிய மேடையில் நம் பக்கத்து ஆள் ஒருவர் நின்றது 2009இல். அப்போது ஸ்டேபிள்ஸ் சென்டர் என்று பெயர் கொண்ட அதே கட்டடம், 2021 டிசெம்பரில் கிரிப்டோ டொட் கொம் அரீனா ஆனது. எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம், 'பேப்பர் பிளேன்ஸ்' பாடலுக்காக 'ரெக்கோர்ட் ஒஃப் த இயர்' பட்டியலில் இருந்தார். நிறைமாதக் கர்ப்பிணியாக, பிள்ளை பிறக்கும் என்று குறித்த நாளிலேயே, ஜே-சி, கன்யே வெஸ்ட், லில் வெய்ன், டி.ஐ. நால்வரோடும் கறுப்பு வெள்ளைப் படமாக ஒளிபரப்பான அந்த நிகழ்ச்சியில் பாடினார். விருது ரொபர்ட் பிளான்ட், அலிசன் குரவுஸ் இணைக்குப் போனது. ஈழத்தமிழ்ப் பெயர் ஒன்று அந்தப் பட்டியலின் உச்சப் பிரிவில் ஏறியது அப்போதுதான். அதற்குப் பின் 2025 வரை பதினாறு வருடத்தில் இன்னொன்று ஏறவில்லை.

2025 ஒளிபரப்பில் மன்னிக்க முடியாத குறை ஒன்று உண்டு. மறைந்த கலைஞர்களை நினைவுகூரும் பகுதியில் கோல்ட்பிளேயின் கிறிஸ் மார்ட்டின் பாட, பின்னால் படங்கள் ஓடின. அதில் ஜாகிர் ஹுசேன் இல்லை. 2024 டிசெம்பர் 15இல் சான் பிரான்சிஸ்கோவில் காலமானவர். விழா நடந்தது அதிலிருந்து சரியாக ஏழு வாரம் கழித்து. தகவல் வந்து சேரவில்லை என்று சொல்ல இடமே இல்லை. அதற்கு முந்திய விழாவில், ஒரே நாளில் மூன்று கிராமி வாங்கியவர் அவர். சக்தியின் அல்பம், 'பஷ்தோ' என்ற வாசிப்பு, பேலா ஃபிளெக்கோடும் எட்கர் மேயரோடும் ராகேஷ் சௌராசியாவோடும் செய்த வாத்திய அல்பம் என்று மூன்று. அகாடமியின் இணையப் பட்டியலில் பெயர் இருந்தது உண்மை. ஆனால் கோடிக்கணக்கானோர் பார்த்தது திரையை. தபேலாவை உலக மேடைக்கு எடுத்துச் சென்ற கைக்கு அந்தத் திரையில் நான்கு விநாடி ஒதுக்காதது அகாடமியின் தவறு. அதை அடுத்த விழாவிலாவது திருத்த வேண்டும்.

குவின்சி ஜோன்ஸுக்கான அஞ்சலி மட்டும் முழு மதிப்போடு நடந்தது. ஸ்டீவி வொண்டரும் ஹெர்பி ஹன்கொக்கும் ஒரே மேடையில் வாசித்ததைத் தவறவிட்டவர்கள் துண்டுப் பதிவைத் தேடியாவது பார்க்க வேண்டும்.

இனி எல்லோரும் கதைக்கும் முடிவுகள். அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'ரெக்கோர்ட் ஒஃப் த இயர்' வேறு, 'சோங் ஒஃப் த இயர்' வேறு. இரண்டாவது, பாட்டை எழுதியவருக்கு, அதாவது சொல்லும் மெட்டும் போட்டவருக்கு. முதலாவது, அந்தப் பாட்டு ஒலிப்பதிவாகி வந்த வடிவத்துக்கு: பாடியவர், தயாரிப்பாளர், ஒலிப்பதிவுப் பொறியியலாளர், மிக்ஸ் செய்தவர், மாஸ்டரிங் செய்தவர் எல்லோருக்கும். நம் சினிமாப் பாட்டை வைத்துச் சொன்னால், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் மெட்டுக்காகப் பெறுவது ஒன்று. அதே பாட்டைப் பாடிய குரலும், ஸ்ரூடியோவில் மேசையில் இருந்தவரும் பெறுவது மற்றது. கென்ட்ரிக் லமாரின் 'நொட் லைக் அஸ்' இரண்டையும் வாங்கியது. ரெப் பாட்டு ஒன்று இரண்டையும் சேர்த்து வாங்குவது இது இரண்டாம் தடவை. முதலாவது 2019இல் சைல்டிஷ் காம்பினோவின் பாட்டு.

அதிர்ச்சி எங்கே என்றால், இது இன்னொரு கலைஞரை, டிரேக்கை, நேருக்கு நேர் தாக்கும் வசைப்பாட்டு. 'சோங் ஒஃப் த இயர்' வழமையாக மென்மையான, பியானோவோ கிட்டாரோ முன்னால் நிற்கும் பாட்டுகளின் பக்கம் சாயும். இசைத் தயாரிப்பாளர் மஸ்டார்ட் செய்த இந்த இசையில் இருப்பது பழைய சோல் பதிவொன்றிலிருந்து எடுத்த தந்திக் கருவிகளின் வெட்டு, கீழே கனத்த பேஸ், நடுவில் கைதட்டு. அவ்வளவுதான். அந்த வெறுமைதான் அதன் பலம். சொல்லுக்கு இடம் விட்டுவிட்டு இசை ஒதுங்கி நிற்கிறது, அரங்கமே கூடச் சேர்ந்து பாடக்கூடிய இடங்களைத் திறந்து வைக்கிறது. விருது அறிவித்தபோது சபை அப்படியே சேர்ந்து பாடியது. நம் பறையிசையிலும் வசை, எதிர்ப்பாட்டு மரபிலும் உள்ள அதே உத்தி: அடி குறைவு, அழுத்தம் கூட. ஐந்து விருதோடு அன்றைய இரவில் அதிகம் வாங்கியவர் கென்ட்ரிக். வீடியோவுக்குக் கிடைத்ததும் அந்த ஐந்தில் ஒன்று.

பியோன்சேயின் 'கௌபோய் கார்ட்டர்' ஆண்டின் சிறந்த அல்பம் ஆனது. 2010, 2015, 2017, 2023 என்று நான்கு முறை பட்டியலில் இருந்து, டெய்லர் சுவிஃப்ட், பெக், அடெல், ஹரி ஸ்டைல்ஸ் ஆகியோரிடம் தோற்றவர். ஐந்தாவது முறை வென்றார். இந்த விருதைக் கறுப்பினப் பெண் ஒருவர் வாங்குவது 1999இல் லோரின் ஹில்லுக்குப் பிறகு இப்போதுதான். விருதை அறிவித்தவர்கள் ஜனவரிக் காட்டுத்தீயில் போராடிய லொஸ் ஏஞ்சல்ஸ் தீயணைப்பு வீரர்கள். அந்தத் தெரிவு நிகழ்ச்சி அமைப்பாளர்களின் நல்ல முடிவு.

அதைவிடப் பெரிய ஆச்சரியம், அமெரிக்கக் கிராமிய இசை வகையான கன்ட்ரியில் சிறந்த அல்பம் விருதும் அதற்கே கிடைத்தது. பியோன்சேயின் முகத்திலேயே அது தெரிந்தது. வாய் திறந்தபடி, கண் இமைக்காமல் சில கணம் அப்படியே இருந்தார். அறிவித்தவர் டெய்லர் சுவிஃப்ட். இந்தப் பிரிவைக் கறுப்பினக் கலைஞர் ஒருவர் வெல்வது இதுவே முதல் தடவை. ஆனால் கன்ட்ரி இசையின் தலைநகரான நஷ்வில்லின் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் 2024இல் இதே அல்பத்துக்கு ஒரு பரிந்துரை கூடக் கொடுக்கவில்லை. முரணுக்குக் காரணம் வாக்காளர்கள் வேறு வேறு என்பதே. நஷ்வில்லில் வாக்களிப்பது அந்தத் தொழிலுக்குள் இருப்பவர்கள் மட்டும். கிராமியில் பொப், ஆர் அன்ட் பி துறைக்காரர் ஒருவர் தன் மூன்று துறைகளில் ஒன்றாகக் கன்ட்ரியையும் எடுத்துக்கொள்ளலாம். தனிக் குரல் விருது கிறிஸ் ஸ்டேபிள்டனுக்கும், கன்ட்ரிப் பாட்டு விருது கேசி மஸ்கிரேவ்ஸுக்கும் போனதைச் சேர்த்துப் பார்த்தால் பிளவு விளங்கும். வெளியிலிருந்து வந்தவர்கள் பெயர் தெரிந்த அல்பத்துக்கு வாக்குப் போட்டார்கள், பாட்டுப் பாட்டாகக் கேட்கிறவர்கள் தங்கள் ஆட்களுக்குப் போட்டார்கள். அல்பம் தகுதியானதா என்று கேட்டால், ஆம். ஆனால் 27 தடங்களில் நடுப்பகுதி இளைக்கிறது. ஒரே மூச்சில் கேட்பதைவிட இரண்டாகப் பிரித்துக் கேட்பது நல்லது.

பில்லி ஐலிஷுக்கு ஏழு பரிந்துரை, டெய்லர் சுவிஃப்டுக்கு ஆறு. இருவரும் வெறுங்கையோடு போனார்கள். ரசிகர்கள் சதி என்கிறார்கள். சதி தேவையில்லை, கூட்டல் கணக்கே போதும். அல்பப் பட்டியலில் எட்டுப் பேர், ஒருவருக்கு ஒரு வாக்கு, விருப்ப வரிசை கிடையாது, யாருக்கு அதிகமோ அவருக்கு விருது. கோட்பாட்டளவில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்று மேலே எடுத்தாலே வென்றுவிடலாம். டெய்லர், பில்லி, சப்ரினா கார்பென்டர், சாப்பெல் ரோன், சார்லி எக்ஸ்சிஎக்ஸ் என்று ஐந்து பொப் பெண்கள் ஒரே கேட்போர் கூட்டத்தைப் பங்கு போட்டார்கள். நம் தேர்தலில் ஒரே தொகுதியில் ஒரே சனத்திடம் வாக்குக் கேட்டு ஐந்து சுயேச்சைகள் நிற்பதுபோல. பியோன்சேயின் கூட்டத்தை அந்தப் பட்டியலில் பிரிக்க ஆள் இருக்கவில்லை. வாக்கு எண்ணிக்கையை அகாடமி ஒருபோதும் வெளியிடுவதில்லை என்பதால் வித்தியாசம் எவ்வளவு என்று தெரிய வழியில்லை. 2019க்குப் பின் சேர்ந்தவர்கள் வாக்காளரில் 66 வீதம் என்று அகாடமி சொல்லியிருப்பதையும் மறக்கக் கூடாது. பத்து வருடத்துக்கு முந்திய கிராமியை வைத்து இன்றைய முடிவை ஊகித்தவர்கள் பிழைவிட்டது அங்கே.

சிறந்த ரெப் அல்பம் விருது டோச்சி என்ற பாடகிக்குப் போனதுதான் அன்றைய இரவின் மிக நல்ல முடிவு. எமினெம், ஜே. கோல், ஃபியூச்சர் என்று பெரிய பெயர்கள் இருந்த பட்டியல். மூச்சுக் கட்டுப்பாடு, குரல் மாற்றம், ஒரே தடத்தில் இரண்டு பாத்திரமாகப் பேசும் திறமை என்று எந்த அளவுகோலில் வைத்தாலும் அவர் முன்னே. இந்தப் பிரிவை வென்ற பெண்களில் லோரின் ஹில்லுக்கும் கார்டி பிக்கும் அடுத்து மூன்றாமவர்.

புதிய கலைஞர் விருது சாப்பெல் ரோனுக்கு. "முதல் அல்பம் 2023இல் வந்ததே, எப்படிப் புதியவர்?" என்ற கேள்வி வருகிறது. இரண்டு விடயம். இந்த விழாவுக்கான காலம் 2023 செப்டெம்பர் 16 முதல் 2024 ஓகஸ்ட் 30 வரை. அவருடைய அல்பம் வந்தது செப்டெம்பர் 22இல், வாசல் திறந்து ஆறாம் நாள். அடுத்தது, இந்தப் பிரிவு முதல் வெளியீட்டைப் பார்ப்பதில்லை, அந்தக் காலத்துக்குள் பொதுமக்கள் அறியும் அளவுக்கு எழுந்தாரா என்பதைப் பார்க்கிறது. ஆறாவது அல்பம் போட்ட சப்ரினா கார்பென்டரும் அதே பட்டியலில் இருந்தது அதனால்தான்.

சாப்பெல் ரோன் குறிப்பேட்டைத் திறந்து வாசித்த ஏற்புரை கொழும்பிலும் கேட்க வேண்டியது. புதிய கலைஞர்களை வைத்துக் கோடிகள் உழைக்கும் நிறுவனங்கள் அவர்களுக்கு வாழக்கூடிய சம்பளமும் மருத்துவக் காப்புறுதியும் கொடுக்க வேண்டும் என்றார். வயது வராத பிள்ளையாக ஒப்பந்தமாகி, பின் கைவிடப்பட்டு, கொரோனாக் காலத்தில் வேலையும் காப்புறுதியும் இல்லாமல் நின்றதைச் சொன்னார். இங்கே கல்யாண மண்டபத்திலும் ஹோட்டலிலும் இரவுக்கு இவ்வளவு என்று பேசிப் பாடும் பாடகருக்கும் கீபோர்ட் வாசிப்பவருக்கும் ஊழியர் சேமலாப நிதி என்ற ஒன்று கிடையாது. தொண்டை கட்டினால் அந்த மாத வருமானம் போயிற்று. அவர்களுக்காகவும் பேசியதாகவே அந்த ஒன்றரை நிமிடத்தை எடுத்துக்கொள்ளலாம்.

ரொக் பிரிவில் பீட்டில்ஸின் 'நவ் அன்ட் தென்' வென்றதை "செயற்கை நுண்ணறிவுப் பாட்டுக்குக் கிராமி" என்று தலைப்புப் போட்டவர்கள் உண்டு. அது பிழை. ஜோன் லெனன் 1970களின் பிற்பகுதியில் வீட்டில் கசெட்டில் பதிந்த மாதிரிப் பாட்டு அது. குரலும் பியானோவும் ஒரே தடத்தில் கலந்திருந்தன, பின்னால் மின் இரைச்சல். 1995இல் மற்ற மூவரும் முயன்று கைவிட்டார்கள், பியானோவைக் குறைத்தால் குரலும் சேர்ந்து குறைந்தது. பிறகு, ஒலியின் சாயலைப் பழகி அடையாளம் காணும் மென்பொருளால் குரலைத் தனியே உரித்தெடுத்து, 1995இல் ஜோர்ஜ் ஹரிசன் வாசித்த கிட்டாரையும் சேர்த்து, போல் மெக்கார்ட்னியும் ரிங்கோ ஸ்டாரும் புதிதாகப் பாடி வாசித்தார்கள். குரல் லெனனுடையதே, மென்பொருள் செய்தது சலவை. மனிதர் படைத்ததே போட்டிக்குத் தகுதி, மென்பொருளைக் கருவியாகப் பயன்படுத்தலாம் என்பது அகாடமியின் விதி.

இது நமக்கு நேரடியாக உதவும் பாடம். சிலோன் மனோகர் காலத்துப் பொப்பிசையும், மேடை நிகழ்ச்சிகளும், கோயில் கச்சேரிகளும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் எத்தனையோ வீடுகளில் கசெட்டாகக் கிடக்கின்றன. குரல் பிரிக்கும் மென்பொருள் இப்போது சாதாரணக் கணினியிலேயே ஓடுகிறது. ஆனால் ஆட்கள் செய்யும் முதல் பிழை, கசெட்டை எம்பி3 ஆக மாற்றிவிட்டுப் பிரிப்பது. எம்பி3 ஏற்கெனவே வெட்டி எறிந்த ஒலியை மென்பொருள் ஊகித்து நிரப்பும், குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் கொழகொழக்கும். கசெட் டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும் சிறு திருகை 'ஸ', 'ச' ஒலிகள் கூர்மையாகக் கேட்கும் மட்டும் மெல்லத் திருப்பி, 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் வேவ் கோப்பாகப் பதிய வேண்டும். இரைச்சலைக் குறைக்கும் டொல்பி முறை இல்லாமல் பதிந்த கசெட்டை டொல்பி போட்டு ஓட்டினால் மேல்ஸ்தாயி செத்துவிடும், அந்தப் பொத்தானையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரைச்சல் நீக்குவதைப் பிரித்த பிறகு, குரல் தடத்தில் மட்டும், குறைந்த அளவில் செய்வது நல்லது. முதலிலேயே செய்தால் மென்பொருளுக்குக் குரலின் மூச்சு விளங்காமல் போய், சொல்லின் கடைசி எழுத்துகளை விழுங்கிவிடும். மிருதங்கத்தின் வலந்தலை நாதத்தைச் சில மென்பொருள்கள் குரல் என்று எண்ணிக் கூடவே இழுத்து வரும். அது வந்த இடங்களைக் கையாலே வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

நிகழ்ச்சிகளில் இரண்டைச் சொன்னால் போதும். புதிய கலைஞர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பாடிய தொடர், நேரடி ஒலிக்கலவைக்கே ஒரு பாடம். மேடை மாற்றம் அவ்வளவு வேகமாக இருந்தும் குரல் ஓரிடத்திலும் அமுங்கவில்லை. மற்றது கனடியப் பாடகர் த வீக்கென்ட். 2020இல் உலகம் முழுக்கக் கேட்ட அவருடைய அல்பத்துக்கு ஒரு பரிந்துரையும் கிடைக்காததால் கிராமியைப் புறக்கணித்தவர். அகாடமித் தலைவரே வந்து, விமர்சனத்தை ஏற்றுக்கொண்டு அறிமுகம் செய்ய, முன்னறிவிப்பு இல்லாமல் மேடையில் நின்றார். பரிந்துரைகளை மூடிய அறைக்குள் தீர்மானித்த குழுக்களைப் பெரும்பாலான பிரிவுகளில் அகாடமி 2021இல் கலைத்ததற்கு அவருடைய எதிர்ப்பும் ஒரு காரணம். புதிய அல்பம் வெளிவந்து இரண்டாம் நாள் அது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இரு பக்கத்துக்கும் இலாபமான சமாதானம்.

ஒரு சேவையாக மதிப்பிட்டால், காலை 6.30 நிகழ்ச்சியை நேரடியாகப் பிடிக்கச் சிரமப்படத் தேவையில்லை. முடிவுப் பட்டியலும் நான்கைந்து துண்டுப் பதிவுகளும் வேலைத்தலத்தில் மதியச் சாப்பாட்டு இடைவேளைக்குள் பார்த்து முடிக்கக்கூடியவை. பிரிமியர் நிகழ்வுக்கு மட்டும், பரிந்துரைப் பட்டியலை முதல் நாளே இறக்கி வைத்து, 'குளோபல் மியூசிக்', 'நியூ ஏஜ்', 'கன்டம்பரரி இன்ஸ்ட்ருமென்டல்' பிரிவுகளில் நம் பெயர்களைக் குறித்துக்கொண்டு, 1.45க்கு அலாரம் வைக்கலாம். பெயர் ஒன்றும் இல்லாத வருடத்தில் நித்திரை கொள்ளலாம்.